காலி ட்ரெய்லருக்கு ஓர் எஞ்சின்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லஃபயெட் என்ற ஊரில் வாபாஷ் நிறுவனம் ட்ரெய்லர் செய்கிறது. 1985-இல் தொடங்கிய கம்பெனி. இன்று அந்த நாட்டின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்று. அங்கிருந்து வெளிவரும் 53 அடி நீளப் பெட்டிக்கு இரண்டு அச்சு, எட்டு டயர், பின்பக்கம் இரட்டைக் கதவு எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. வாங்கியவர் ஜார்ஜியாவில் இருப்பார், டெக்சஸில் இருப்பார். அவர் கைக்குப் பெட்டி போய்ச் சேர வேண்டுமென்றால் யாராவது தம் ட்ரக்கைப் பின்னோக்கி ஓட்டிவந்து, அதைப் பூட்டி, நூற்றுக்கணக்கான மைல் இழுத்துச் செல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு அமெரிக்க லாரித் தொழிலில் 'பவர் ஒன்லி' என்று பெயர். எஞ்சின், டிரைவர், டீசல் மூன்றும் ஒருவருடையது. பின்னால் வருகிற ட்ரெய்லர் இன்னொருவருடையது. உள்ளே சரக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரக்கே இல்லாமல் ட்ரெய்லரையே சரக்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சொந்த ட்ரக் ஒன்றை வைத்துக்கொண்டு தாமே ஓட்டிப் பிழைக்கும் ஓனர்-ஆபரேட்டர்களுக்கு இது வாசல் திறந்து வைத்திருக்கும் வேலை. ட்ரெய்லர் வாங்க முதல் போட வேண்டாம். சரக்கு ஏற்றும்வரை கிடங்கு வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மூட்டை குறைந்தது, பெட்டி நசுங்கியது என்ற புகார் வராது. கேட்கும்போது இதைவிட லேசான பிழைப்பு இல்லை என்றுதான் தோன்றும்.

அப்படி இல்லை. காலிப் பெட்டியை இழுப்பவரின் நேரம், டீசல், சட்டப் பொறுப்பு எதுவும் காலி இல்லை. பெட்டி காலி என்பதைக் காட்டியே கூலியைக் குறைக்கும் வழக்கம் மட்டும் இந்தச் சந்தையில் ஊறிப்போயிருக்கிறது.

எஞ்சினும் பெட்டியும் பிரிந்து நிற்பது புதிய ஏற்பாடு அல்ல. 1914-இல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் ஃப்ரெடெரிக் சிப்லி என்ற மரக்கடைக்காரர் வந்தார். தம் படகைக் காரின் பின்னால் கட்டி இழுத்துப் போக ஏதாவது செய்து தரச் சொன்னார். ஃப்ரூஹாஃப் ஒரு ஃபோர்டு மாடல்-டி காரின் பின்னால் பூட்டும்படி ஒரு வண்டி செய்து கொடுத்தார். அது நன்றாக உழைக்கவே, மரம் ஏற்றவும் அதேபோல் வேண்டும் என்று சிப்லி மறுபடி வந்தார். செமி-ட்ரெய்லர் என்ற பெயர் நிலைத்தது அந்தப் பட்டறை வேலையால்தான். கலிஃபோர்னியாவின் யுடிலிட்டி ட்ரெய்லர் கம்பெனி தொடங்கியதும் அதே 1914-இல். ஃப்ரூஹாஃப் கம்பெனி பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்து, பிறகு நொடித்து, 1997-இல் அதன் சொத்துக்களை வாங்கியது யார் என்றால், லஃபயெட்டின் வாபாஷ்.

அந்த வண்டியால் கிடைத்த வசதி எளிமையானது. ஒரு பெட்டியில் மரம் இறங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சும்மா நிற்க வேண்டியதில்லை. கழற்றிக்கொண்டு அடுத்த பெட்டியை இழுக்கப் போகலாம். இன்றைக்குக் கிடங்குகளில் 'டிராப் அண்ட் ஹூக்' என்று சொல்வது இதையேதான். கொண்டுவந்த பெட்டியை விட்டுவிட்டு, தயாராக நிற்கும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது. ஆனால் இந்த முறை ஓட வேண்டுமென்றால் ட்ரக்குகளைவிட ட்ரெய்லர்கள் அதிகம் இருக்க வேண்டும். அவை சரியான ஊரில், சரியான நேரத்தில் நிற்கவும் வேண்டும். சரக்கு போகும் திசையெல்லாம் பெட்டியும் போய்விடும். திரும்பி வருவதற்குத்தான் ஆள் தேட வேண்டும்.

ஃப்ளோரிடாவைப் பாருங்கள். மக்கள்தொகை பெருத்த மாநிலம். சோபா, பிரிட்ஜ், மளிகை, கட்டுமானப் பொருள் எல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காய்கறி, பழப் பருவத்தை விட்டால் வெளியே வருவதற்குச் சரக்கு குறைவு. ஃப்ளோரிடாவுக்குள் போக நல்ல வாடகையும், வெளியே வர அடிமாட்டு வாடகையும் என்பது அமெரிக்க டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே போன பெட்டிகள் தேங்கிவிடும். தேங்கியதை யாராவது வடக்கே இழுத்து வர வேண்டும்.

குளிரூட்டும் பெட்டிகளுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் கீரை, லெட்யூஸ் விளைச்சல் குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமாவில். வெயில் ஏறத் தொடங்கினால் அது கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்குக்கு இடம் மாறும். அறுவடை மாறும்போது ரீஃபர் பெட்டிகளின் தேவையும் ஊர் மாறுகிறது. வாடகைக்கு ட்ரெய்லர் விடும் கம்பெனிகள் தனி. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே 2001-இல் வாங்கிய எக்ஸ்ட்ரா லீஸ் அவற்றில் ஒன்று. அவற்றின் பெட்டிகள் ஒரு வாடகைதாரரிடமிருந்து விடுபட்டு அடுத்தவர் ஊருக்குப் போக வேண்டும். தீபாவளிக்கு முன் நம் கூரியர் கடைகளில் மூட்டை குவிவதுபோல அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு முன் பார்சல் குவியும். அப்போது பார்சல் கம்பெனிகளுக்குப் பெட்டியும் போதாது, இழுக்க ட்ரக்கும் போதாது.

இதெல்லாம் ஒழுங்காக நடக்கும் தொழிலின் காலிப் பெட்டிகள். தொழில் உடையும்போதும் பெட்டிகள் நகர்கின்றன. 99 வயதாகியிருந்த யெல்லோ லாரி கம்பெனி 2023 ஜூலை இறுதியில் வண்டிகளை நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். நாடு முழுக்க அதன் டெர்மினல்களில் பல்லாயிரம் ட்ரெய்லர்கள் நின்றன. ஏலத்தில் போன ஒவ்வொன்றையும் வாங்கியவர் வாசலுக்கு யாரோ இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியின் சாவில் கிடைத்த கூலி அது. அந்த வேலையைச் செய்தவர்களில் யெல்லோவின் பழைய டிரைவர்களும் இருந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இனி கூலிக் கணக்கு. லஃபயெட்டிலிருந்து அட்லாண்டாவுக்கு ஏறக்குறைய 600 மைல். ஒரு புதிய காலி ட்ரெய்லரை அங்கே சேர்க்க மைலுக்கு 2 டாலர் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,200 டாலர். டிரைவர் அட்லாண்டாவில் பெட்டியைக் கழற்றிவிட்டார். இப்போது அவரிடம் வெறும் ட்ரக் மட்டும் இருக்கிறது. பெட்டி இல்லாததால் வழக்கமான ரிட்டர்ன் லோடு எதையும் ஏற்ற முடியாது. லஃபயெட்டுக்கே வெறுமனே திரும்பினால் மொத்தம் 1,200 மைலுக்கு 1,200 டாலர். மைலுக்கு 1 டாலர். அமெரிக்க லாரித் தொழிலின் ஆய்வு நிறுவனமான ஏடிஆர்ஐ, 2023-இல் ஒரு ட்ரக்கை ஒரு மைல் ஓட்ட ஆகும் செலவு டிரைவர் சம்பளம், டீசல், தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 2.27 டாலர் என்று கணக்கிட்டது. காலியாக ஓடினால் டீசல் கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மை. மீதிச் செலவு எதுவும் குறையாது. இந்தியானா டோல் ரோட்டில் அச்சுக் கணக்கில்தான் வசூல். பெட்டிக்குள் சரக்கு இருக்கிறதா என்று அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அனுபவசாலிகள் நேர்க்கோட்டில் போய்த் திரும்ப மாட்டார்கள். முக்கோணம் போடுவார்கள். அட்லாண்டாவிலிருந்து 200 மைல் தொலைவில் ஸ்டேட்ஸ்பரோ என்ற ஊரில் கிரேட் டேன் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. குளிரூட்டும் பெட்டிகள் செய்கிறார்கள். அங்கே வரை வெறும் ட்ரக்கை ஓட்டி, வடக்கே போகும் ஒரு புதுப் பெட்டியைப் பிடித்துவிட்டால் கூலியில்லாமல் ஓடிய தூரம் 600-இலிருந்து 200 ஆகிவிடும். விஸ்கான்சினின் ஸ்டோட்டன், இந்தியானாவின் மோனானில் இருக்கும் வேன்கார்ட், யூட்டா மாநிலத்து கிளியர்ஃபீல்டில் யுடிலிட்டியின் ஆலை, மெக்சிகோவின் டிஹுவானாவில் செய்து சான் டியேகோ பக்கம் எல்லை தாண்டும் ஹுண்டாய் டிரான்ஸ்லீட் என்று ட்ரெய்லர் பிறக்கும் ஊர்களின் வரைபடம் இந்த டிரைவர்களின் மனதில் இருக்கும். எந்த ஆலைக்கு அருகில் கழற்றிவிட்டால் அடுத்தது எங்கே கிடைக்கும் என்ற கணக்குத்தான் அவர்களுடைய உண்மையான முதலீடு.

இன்னொரு நல்ல வழியும் உண்டு. புதுப் பெட்டியைக் காலியாக அனுப்புவானேன்? ஆலைக்குப் பக்கத்துக் கிடங்கில் அதே திசைக்குப் போகும் சரக்கை ஏற்றி, சரக்கை ஓரிடத்தில் இறக்கி, பெட்டியை அதன் புது முதலாளியிடம் சேர்ப்பது. இதை 'லோட்-அவுட்' என்பார்கள். பெட்டி வாங்கியவருக்குக் கொண்டுவரும் செலவு குறையும், டிரைவருக்குக் கூலி கூடும். ஆனால் புதுப் பெட்டியின் தரையில் ஃபோர்க்லிஃப்ட் கீறினால், உள்சுவர் குத்துப்பட்டால், வாங்கியவர் அதைப் புதுப் பெட்டி என்று ஏற்றுக்கொள்ள மாட்டார். அதனால் கரடுமுரடான சரக்கை இதில் ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள்.

மறுபடி வெறும் ட்ரக்குக்கு வருவோம். பெட்டியில்லாமல் ஓடுவதை 'பாப்டெயில்' என்கிறார்கள். அமெரிக்காவில் லாரி டிரைவர் ஒரு நாளில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதுவும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு முன் 10 மணி நேரம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான ட்ரக்குகளில் இதை மின்னணுக் கருவி கணக்கெடுக்கிறது. அடுத்த பெட்டியை எடுக்க வெறும் ட்ரக்கில் போவதைச் சொந்த வேலைக்கான ஓட்டம் என்று பதிய முடியாது என்று மத்திய போக்குவரத்து ஆணையம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆக, கூலி கிடையாத அந்த 200 மைலும் 11 மணி நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பாப்டெயிலில் ஒரே ஒரு சௌகரியம்: 70 அடி வண்டியை நிறுத்த இடம் தேடி இரவில் அலைய வேண்டாம். சாதாரண ஹோட்டல் வாசலில்கூட நிறுத்திவிடலாம். பார்க்கிங் பஞ்சம் தலைவிரித்தாடும் அந்த நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில். சாலையில் ஏறிவிட்ட பிறகு ட்ரெய்லரில் எந்தக் குறை இருந்தாலும் அது இழுப்பவருடைய குறை. டயர் தேய்ந்திருக்கிறதா, விளக்கு எரியவில்லையா, பிரேக் இறுகவில்லையா, சோதனைச் சாவடியில் எழுதும் சீட்டு பெட்டியின் சொந்தக்காரர் பேரில் மட்டும் போய் நிற்பதில்லை. வண்டியை ஓட்டும் கம்பெனியின் பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறும். தனி ஆளாய் ஒரே ட்ரக் வைத்திருப்பவருக்கு அந்தக் கம்பெனி அவரேதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். துறைமுகக் கன்டெய்னர்களைத் தாங்கும் சேஸிஸ் விஷயத்தில் மட்டும் 2008-இல் ஒரு விதி கொண்டுவந்து, அதன் பராமரிப்புப் பொறுப்பைச் சேஸிஸ் தரும் கம்பெனி தலையில் வைத்தார்கள். சாதாரண ட்ரெய்லருக்கு அப்படிப்பட்ட தனி விதி இல்லை. பவர் ஒன்லி இவ்வளவு பரவிவிட்ட பிறகும் இல்லை என்பது பெரிய குறை.

ஆகவே அந்த அரை மணி நேரம். மாதக்கணக்கில் புல்லில் நின்ற வாடகைப் பெட்டி என்றால் இன்னும் நிதானம் வேண்டும். ட்ரக்கிலிருந்து ட்ரெய்லருக்குக் காற்று போகும் இரண்டு குழாய்கள்: சிவப்பு, பிரேக்கை விடுவிக்கும் காற்றுக்கு; நீலம், மிதிக்கும்போது பிரேக் பிடிக்கும் காற்றுக்கு. அவை மாட்டும் வாய்களில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து வளையங்களைப் பையிலேயே வைத்திருப்பார்கள். திறந்து கிடந்த வாய்க்குள் மண்ணும் பூச்சிக்கூடும் அடைந்திருக்கும். குளிர் மாநிலமென்றால் பிரேக் கட்டை டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று ஏறினாலும் சக்கரம் உருளாமல் இழுபடும். அதைக் கவனிக்காமல் நூறு அடி போனால் போதும், டயரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அந்த டயருக்கு யார் காசு கொடுப்பது என்ற சண்டை பிறகு மாதக்கணக்கில் ஓடும்.

பூட்டும் இடம் அதைவிட முக்கியம். ட்ரெய்லரின் அடியில் தொங்கும் கிங்பின் இரண்டு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்புத் தண்டு. ட்ரக்கின் பின்னால் இருக்கும் ஐந்தாம் சக்கரம் எனப்படும் தட்டின் தாடைகள் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பூட்டிவிட்டது போலச் சத்தம் கேட்கும், கவ்வியிருக்காது. அதனால் முதலில் மெல்ல முன்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் தாடை கிங்பின்னுக்குப் பின்னால் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. அதன் பிறகுதான் கழற்றிவிட்ட பெட்டியைத் தாங்கி நிற்கும் முன்கால்களைச் சுழற்றி ஏற்ற வேண்டும். காலை முதலில் ஏற்றிவிட்டு இழுத்துப் பார்த்தால், கவ்வாத பெட்டி மூக்குக் குப்புறத் தரையில் விழும்.

டயர்களில் குறைந்தது 2/32 அங்குலப் பட்டை இருக்க வேண்டும்; ட்ரக்கின் முன் டயருக்கு அது 4/32. வருடாந்தரப் பரிசோதனை ஒட்டி காலாவதி ஆகியிருக்கிறதா, பதிவுச் சான்று முன்சுவர்ப் பெட்டியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கா முழுக்க எண்ணற்ற ட்ரெய்லர்கள் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநில நம்பர் பலகையோடு திரியும். பல ஆண்டுகளுக்கு ஒரே தடவையில் பதிவு செய்துகொள்ள அந்த மாநிலம் இடம் தருவதால், மெய்ன் மண்ணை மிதிக்காத பெட்டிகள்கூட அங்கே பதிவாகியிருக்கின்றன. பின்பக்கம் தாழத் தொங்கும் இரும்புத் தடுப்பு வளைந்திருக்கிறதா என்பதும் சட்டப்படி பார்க்க வேண்டியது. பின்னால் மோதும் கார் ட்ரெய்லருக்கு அடியில் நுழைந்துவிடாமல் தடுக்கும் கம்பி அது. 1967-இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே அப்படி ஒரு விபத்தில் நடிகை ஜெயின் மேன்ஸ்ஃபீல்ட் இறந்த பிறகு அதற்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

கலிஃபோர்னியாவுக்குப் போகும் பெட்டியென்றால் பின்சக்கரத் தொகுதியை முன்னே தள்ளி வைக்க வேண்டியிருக்கும். கிங்பின்னிலிருந்து கடைசி அச்சுவரை 40 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். பெட்டி காலியாக இருந்தாலும் அளவு அளவுதான்.

எல்லாவற்றையும் பார்த்த கையோடு போட்டோ. நாலு பக்கமும், ஒவ்வொரு டயரும், கூரையும், தரையும். உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லி மேலே பார்த்தால் ஓட்டை எங்கே என்று சூரியனே காட்டிக்கொடுக்கும். நேரம் பதிந்த அந்தப் படங்கள்தான் பிற்பாடு சாட்சி. ட்ரெய்லர் எண்ணும் அடையாளத் தகட்டு எண்ணும் ஒப்பந்தத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் இதே வேளையில்தான். ட்ரெய்லர் திருட்டு பெருகிய நாடு அது. யாரோ ஒருவர் போனில் கொடுத்த வேலையை நம்பி, திருடிய பெட்டியை நல்லெண்ணத்தோடு இழுத்துப் போகும் ஆபத்து கற்பனை அல்ல.

இத்தனையும் முடித்துச் சாலையில் ஏறினால், அங்கே காத்திருப்பது காற்று.

சரக்கேற்றிய வண்டி சட்டப்படி 80,000 பவுண்டுவரை இருக்கலாம். ட்ரக்கும் காலிப் பெட்டியும் சேர்ந்தால் ஏறக்குறைய 32,000 முதல் 35,000 பவுண்டு. ஆனால் காற்று அடிக்கும் பக்கச் சுவர் அதேதான்: 53 அடி நீளம், ஒன்பது அடிக்கு மேல் உயரம், சுமார் 500 சதுர அடி. வயோமிங் மாநிலத்தில் 80-ஆம் எண் நெடுஞ்சாலை லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே எல்க் மலையை ஒட்டிப் போகும் இடத்தில் காற்று ஆளையே தள்ளும். குளிர்காலத்தில் அங்கே எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடுவது அடிக்கடி நடக்கிறது. 80,000 பவுண்டு வண்டி போய்க்கொண்டிருக்கும். காலிப் பெட்டிக்காரர் ஓரம் கட்டிக் காத்திருக்க வேண்டும். மதிக்காமல் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் வண்டிகளின் படங்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. மிச்சிகனில் 1957-இல் திறந்த மேக்கினா பாலம் ஐந்து மைல் நீளம். காற்று மணிக்கு 35 மைலை எட்டினால் இப்படிப்பட்ட வண்டிகளைத் துணை வண்டியோடு 20 மைல் வேகத்தில்தான் கடக்க விடுகிறார்கள். இன்னும் கூடினால் அதுவும் கிடையாது.

காலி வண்டி சட்டென்று நிற்கும் என்பதும் தவறான நம்பிக்கை. பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழுப் பாரத்துக்காகச் செய்தவை. பாரம் இல்லாதபோது டயருக்குச் சாலையில் பிடிப்பு குறைவு. சக்கரம் துள்ளும், பூட்டிக்கொள்ளும். பெட்டியில்லாத வெறும் ட்ரக் நிற்பதற்கு முழுப் பாரம் ஏற்றிய வண்டியைவிட அதிக தூரம் எடுக்கக்கூடும் என்று டிரைவர் உரிமத் தேர்வுக்கான கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 1998 மார்ச் முதல் தயாரான ட்ரெய்லர்களில் கட்டாயம். இடது பின்பக்கத்தில் அதற்கென்று ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. மின்சாரம் வந்ததும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் கெட்டிருக்கிறது. எரியவே இல்லையென்றாலும் நம்பக் கூடாது.

காற்றுக்காக வயோமிங்கில் ஒரு நாள் நின்றால் அந்த நாளுக்குக் கூலி உண்டா? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. பெரும்பாலும் எழுதுவதில்லை.

இன்சூரன்ஸ் இந்தத் தொழிலில் அதிகம் பேர் சறுக்கும் இடம். சொந்த உரிமத்தில் ஓட்ட 300 டாலர் கட்டி விண்ணப்பிக்கலாம். பொதுச் சரக்குக்குக் குறைந்தது 7,50,000 டாலர் விபத்துப் பொறுப்புக் காப்பீடு வேண்டும் என்பது சட்டம். வேலை தரும் புரோக்கர்கள் வழக்கமாக 10 லட்சம் டாலர் கேட்பார்கள். இவை இரண்டும் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு. பின்னால் இழுத்துவரும் பெட்டியே சேதமானால்? அது சொந்தப் பெட்டி இல்லை என்பதால் ட்ரக்கின் பாலிசி தொடாது. உள்ளே இருக்கும் சரக்குக்கான பாலிசியும் பெட்டியைச் சரக்காக எண்ணாது. அதற்கென்று 'ட்ரெய்லர் இன்டர்சேஞ்ச்' என்ற தனிக் காப்பீடு இருக்கிறது. அதில் பணம் வர வேண்டுமென்றால் பெட்டிக்காரருக்கும் ட்ரக்காரருக்கும் இடையே எழுத்தில் ஒரு பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். வாய்ப்பேச்சில் பெட்டியைக் கொடுத்து வாங்கும் இடங்களில் வேறு வகைக் காப்பீடு எடுக்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றது தேவைப்படும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பெட்டியின் முழு விலையையும் கைக்காசிலிருந்து அழுதிருக்கிறார்கள்.

டொராண்டோ பகுதியில் ட்ரக் ஓட்டும் ஈழத்தமிழர்கள் உண்டு; வின்ட்சர் எல்லையில் அம்பாசடர் பாலத்தைக் கடந்து டெட்ராய்ட்டுக்குள் போவது அவர்களில் பலருக்குப் பழகிய பாதை. அவர்களுக்கு இந்த வேலையில் ஒரு கண்ணி இருக்கிறது. கனடா டிரைவர் அமெரிக்காவின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு உள்ளூர்ச் சரக்கு ஏற்றக் கூடாது என்பது குடிவரவுச் சட்டம். காலிப் பெட்டிக்கும் அது பொருந்தும். தாம் கொண்டுவந்த பெட்டியையோ, கனடாவுக்குத் திரும்பும்போது கொண்டுபோகப் போகும் பெட்டியையோ அமெரிக்காவுக்குள் காலியாக நகர்த்தலாம். மூன்றாவதாக ஒரு பெட்டியை லஃபயெட்டிலிருந்து எடுத்து அட்லாண்டாவில் விட்டுவரக் கூடாது. 'உள்ளேதான் ஒன்றும் இல்லையே அண்ணை, இதில் என்ன வந்துவிடப் போகிறது' என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டால், எல்லையைக் கடக்கும் உரிமையே போய்விடலாம். கூட்டாளிகள் புதிதாய் வரும் டிரைவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

பெரிய கம்பெனிகள் கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பக்கம் வேகமாக வந்திருக்கின்றன. ஜே.பி. ஹன்ட், ஷ்னைடர், அமேசான், ஊபர் ஃப்ரைட் எல்லாம் தங்கள் பெட்டிகளைத் தாங்களே வைத்துக்கொண்டு, இழுக்கச் சிறிய ஓனர்களை ஆப் வழியாகக் கூப்பிடுகின்றன. சின்ன ஆளுக்கும் பெரிய சரக்கின் கதவு திறந்தது என்ற வகையில் இது நல்லதுதான். ஆனால் சொந்தமாக ஒரு பெட்டி வைத்திருப்பவர் யாரிடமும் நேராகப் போய்ச் சரக்குக் கேட்கலாம். எஞ்சின் மட்டும் வைத்திருப்பவர் பெட்டிக்காரரின் ஆப்பில் என்ன விலை தெரிகிறதோ அதைத்தான் எடுக்க முடியும். அந்தக் கம்பெனி போனால் வேலையும் போகும். சியாட்டிலின் கான்வாய், பெட்டிகளைத் தானே வைத்து டிரைவர்களைச் சேர்த்த இப்படியொரு கம்பெனி. 2023 அக்டோபரில் திடீரென்று கடையைக் கட்டியது. பவர் ஒன்லியில் தொடங்குபவர்கள் இரண்டொரு வருடத்தில் பழைய பெட்டி ஒன்றையாவது சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. எப்போதும் அதை இழுக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மறுத்துப் பேச ஒரு பிடி இருக்கும் என்பதற்காக.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் சீட்டில் எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. போகும் வழியில் பெட்டி பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஒப்புதல் எண் வாங்கினால் செலவை அவர்கள் ஏற்பார்கள். எடுக்கப் போகும்போது பெட்டி ஓடும் நிலையில் இல்லையென்றால் வந்துபோன கூலி எவ்வளவு. காற்றுக்காகவோ பனிக்காகவோ சாலையை மூடினால் ஒரு நாளுக்கு எவ்வளவு. கழற்றிவிடும் இடத்தில் கையெழுத்துப் போட ஆள் இருப்பாரா, இல்லையென்றால் எந்தப் படம் ரசீதாகும். பணம் 30 நாளில் வருமா. முன்கூட்டியே வேண்டுமென்றால் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள். புரோக்கர்கள் சட்டப்படி 75,000 டாலர் பிணை வைத்திருக்க வேண்டும். ஒரு புரோக்கர் பலருக்குக் கடன் வைத்து ஓடிவிட்டால் அந்தத் தொகையைப் பங்கு போட்டால் ஆளுக்குச் சில்லறைதான் மிஞ்சும் என்பதால், புது புரோக்கரிடம் முதல் வேலைக்கு முன்பணம் கேட்பதில் தப்பே இல்லை. கடைசியாக, வெறும் ட்ரக்கோடு திரும்பும் மைல். அதற்கு யாரும் தாமாக வந்து கொடுக்க மாட்டார்கள். எழுதிக் கேட்பவருக்கு, ஆள் கிடைக்காத பருவத்தில், அந்த மைலுக்கும் ஒரு தொகை போட்டுச் சீட்டைத் திருத்தி அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன.